ஒரு சொட்டும் சிந்தாமல்

லமேகு, 11 மார்ச் 2009

நத்தெர்சியா,

சுல்மீரா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது உண்மையல்ல. உன்னை நினைத்து வெட்கப்பட்டு நான் உன் தேர்வு நடந்த அந்த அறையைவிட்டு எழுந்து போகவில்லை. மீன் கடையிலும் பாதிரியார் வீட்டுச் சமையலறையிலும் அவள் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். "பெத்த பொண்ணு கிழவனுங்களைக் குளிப்பாட்டுற கதையை எடுத்ததும் எர்மீனியாவுக்கு மூஞ்சி கறுத்துப்போச்சு, கைப்பையைத் தூக்கிக்கிட்டு நடையைக் கட்டிட்டா" என்றாளாம். உன் அப்பாவுக்கு அத்தை மகள் என்பதால் அவளையும் பேருந்தில் கூட்டிவந்தேன். இனி எங்கும் கூட்டிப்போவதாக இல்லை.

குளிப்பாட்டுவதைப் பற்றி நீ பேசியபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரீகள் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் படுக்கைப் புண்ணைக் கழுவ வைத்திருக்கிறார்கள்.

நான் சந்தேகத்தோடுதான் வந்தேன் என்பதை மறைக்கவில்லை. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு, வேலையில் கற்றதை எடைபோட்டுப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளி என்றால் பள்ளி. ஆனால் நீ அழைத்திருந்தாய். பல வருடங்களுக்குப் பிறகு எதற்காவது அழைத்திருந்தாய். அதனால் முட்டைக் கேக் செய்து, தகர டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

உன் மேலங்கி தோளில் நிற்கவில்லை. தேர்வுக் குழு கேள்வி கேட்கும்போது கையைப் பையில் விடக் கூடாது. மற்றபடி நீ தெளிவாகப் பேசினாய். கடைசி வரிசைவரை கேட்டது. கண்ணாடி போட்ட அந்த அம்மாள், இறந்துபோனவரின் குடும்பத்தாரிடம் எப்படிப் பேசுவீர்கள் என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"முதல்ல அவங்க பாரத்துல ஒரு பங்கை நான் வாங்கிக்குவேன்மா. 'நானும் அன்னிக்கு அங்கதான் இருந்தேன், என் கண்ணுக்கும் தட்டுப்படலை'ன்னு சொல்லுவேன். அப்புறம், அவங்க செஞ்சதெல்லாம் பாசத்துல செஞ்சதுன்னு எடுத்துச் சொல்லுவேன். கடைசியா, ராத்திரி தூக்கம் வருதான்னு கேப்பேன். அதைக் கேட்டாத்தான் அவங்க அழுவாங்க."

அந்த அம்மாள் அதை எழுதிக்கொண்டார். நானாக இருந்தாலும் எழுதிக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகுதான், விழுங்க முடியாதவர்களுக்கு எப்படி ஊட்டுவது என்று செய்து காட்டினாய். உன் பயிற்சியாளரை நாற்காலியில் உட்காரவைத்து, அவர் தாடையை நெஞ்சை நோக்கி இறக்கினாய். "தலையைப் பின்னால சாய்ச்சா அவ்வளவுதான். தண்ணியா இருக்குற எதுவும் ஆகாது. எல்லா வீட்டுலேர்ந்தும் பிளாஸ்க்குல கோழிக் கஞ்சி வரும். பாசமாத்தான் கொண்டாருவாங்க. அது வயித்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். அப்புறம் காய்ச்சல், அப்புறம் சவப்பெட்டி" என்றாய்.

அப்போது குழுவில் இருந்த அந்தத் தடித்த மனிதர், "அடேயப்பா, அப்போ எங்கம்மா இத்தனை வருஷமா என்னைத் தீர்த்துக்கட்டத்தான் பாத்தாங்களா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

நான் எழுந்தது அப்போதுதான்.

பக்கவாதத்தில் கிடந்த அத்தனை மாதமும் உன் அப்பாவுக்கு நான் என்ன கொடுத்தேன், எப்படிக் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். நீ பார்த்திருக்கிறாய். ஆகவே கேட்கிறேன். கோழிக் கஞ்சியைப் பற்றிச் சொன்னபோது நீ என்னைக் குறிவைத்துச் சொன்னாயா?

தகர டப்பாவை நாற்காலியிலேயே விட்டுவிட்டேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

எர்மீனியா த அல்மெய்தா வியெகஸ்


அவெய்ரு, 17 மார்ச்

அம்மா,

முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வங்கி மேலாளருக்கு எழுதுவதுபோல் இருக்கிறது.

எனக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து இரவுப் பணிக்கு நான்தான் பொறுப்பு. எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் குஸ்தோதியோ தாத்தா என்னைப் பார்த்ததும் கட்டிலிலிருந்தே சல்யூட் அடிக்கிறார். "வழியை விடுங்கடா, டாக்டரம்மா வர்றாங்க! அம்மா, பெரிய படிப்புப் படிச்சவங்க நீங்க, இந்தக் காலுறை எந்தக் காலுக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் ஃபிலோமேனா, "அவரு காலுக்கு எந்தக் காலுறை போட்டாலும் நாத்தம் ஒண்ணுதான், அதுக்கு எதுக்குப் படிப்பு" என்கிறாள். சான்றிதழ் வந்த அன்று இல்லத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன பிறகு கேக்கை நான் வெட்டவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். "அம்மா கழிவறைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்றேன். எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு சுல்மீரா அத்தைதான், "அவ பேருந்து நிலையத்துக்கே போய்ச் சேந்திருப்பா, நீ கத்தியை எடு" என்றாள். எனக்கு மனம் வரவில்லை. டப்பாவை மூடி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டிலும் வெட்டவில்லை. உங்கள் மருமகன் அர்மிந்தோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம் அவர், இரவெல்லாம் பேருந்து ஓட்டிவிட்டு வந்திருந்தார்.

குறிவைத்துச் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. கோழிக் கஞ்சியைத்தான் எல்லோரும் உதாரணம் சொல்வார்கள். இந்த நாட்டில் யாராவது தும்மினால்கூட அடுப்பில் ஏறுவது அதுதானே. பயிற்சி வகுப்பில் எங்களுக்கும் அதைத்தான் சொன்னார்கள். அதை முதன்முதலில் கேட்ட அன்று நானும் எழுந்து வெளியே போய் நின்றேன். வகுப்பாசிரியை உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பிறகு பழகிவிட்டது. எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி அது வெறும் பாடம் ஆகிவிட்டது. அன்று உங்களை முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறோம் என்பதே எனக்கு உறைக்கவில்லை. மேலங்கி நிற்கவில்லை என்பது மட்டும் உறைத்துக்கொண்டிருந்தது. நீங்கள் அதைத்தான் பார்ப்பீர்கள் என்று தெரியும்.

அப்பாவைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவர் நோயில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வருவேன். விடுதியில் சலவைக்காரியாக இருந்தேன் அப்போது. ஒரு ஞாயிறு, "நான் ஒரு வாய் ஊட்டட்டுமாம்மா?" என்று கரண்டியை எடுத்தேன். நீங்கள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இந்த வீட்டுக்கு வேலைக்காரி வேணாம். நீ விருந்தாளி மாதிரி உக்காரு" என்றீர்கள். நான் விருந்தாளி மாதிரியே உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த வாரம் நான் வரவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

சண்டை போட எழுதவில்லை. ஈஸ்டருக்கு வரட்டுமா? அதை மட்டும் சொல்லுங்கள்.

நத்தெர்சியா


லமேகு, 21 மார்ச்

நத்தெர்சியா,

சான்றிதழுக்கு வாழ்த்துகள். பொறுப்பில் இருப்பவர் தோளில் நிற்காத மேலங்கி அணியக் கூடாது. நல்ல தையற்காரரைப் பார்.

நீ குறிவைக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் உன் கடிதத்தில் நீ கவனிக்காமல் எழுதிய ஒரு வரி இருக்கிறது. வகுப்பில் அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போனாய் என்கிறாய். அங்கே உன் அம்மா இல்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. பிறகு ஏன் வெளியே போனாய்?

நான் செய்ததை எழுதுகிறேன். நீ விருந்தாளி மாதிரி உட்கார்ந்து பார்த்ததுதான். இருந்தாலும் விட்டுப்போகாமல் எழுதுகிறேன்.

மடத்துப் பள்ளியில் எங்களுக்கு நோயாளிப் பராமரிப்பு ஒரு பாடம். சகோதரி பெனதீத்தா சொல்லிக்கொடுத்தார். நோயாளிக்கு முதுகுக்கு இரண்டு தலையணை, கழுத்துக்கு ஒரு சிறு திண்டு, தலை பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் வாயிலிருந்து வழியாது. கஞ்சி தெளிவாக இருக்க வேண்டும், கொழுப்பை எடுத்துவிட வேண்டும், எலுமிச்சை இரண்டு துளி. கரண்டியை உதட்டில் தட்டக் கூடாது. கைக்குட்டையில் ஒரு சொட்டு விழுந்தால் மதிப்பெண் குறையும். எனக்கு அதில் முதல் பரிசு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் உணவறைச் சுவரில் இருக்கிறது. சின்ன வயதில் அதைத்தான் நீ எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகினாய்.

உன் அப்பாவுக்கு அப்படியே செய்தேன். அவர் பதிவாளர் அலுவலகத்தில் நாற்பது வருடம் கழுத்துப்பட்டியில் ஒரு கறையில்லாமல் இருந்தவர். வாயோரம் வழிய விட்டு அவரை நான் வைத்திருக்க மாட்டேன். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கடைசிவரை அந்தக் கைக்குட்டை மடித்தது மடித்தபடி வெள்ளையாக இருந்தது. அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. இருந்தது.

சாப்பிடும்போது இருமுவார். "மெதுவாங்க, யாரும் பிடுங்கிக்கப் போறதில்லை" என்பேன். அவர் கண்ணில் நீர் வரும். என்னைப் பார்ப்பார். பேச்சு போய்விட்டது அல்லவா, பார்க்க மட்டும்தான் முடியும். உபசாரத்துக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன்.

காய்ச்சல் வந்தது. நிமோனியா என்றார் டாக்டர். "வயசானவங்களுக்கு வர்றதுதான் எர்மீனியா அம்மா. நீங்க பாத்த மாதிரி இந்த ஊர்ல ஒருத்தி புருஷனைப் பாத்ததில்லை" என்றார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் திருப்பலியில் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

ஈஸ்டரைப் பற்றிப் பிறகு பேசலாம். உன் வேலை எது என்று அந்த அறையில் நான் பார்த்தேன். டாக்டரைவிட உனக்கு இது தெரியும். உன் அப்பா கஞ்சியால் இறந்தாரா?

எர்மீனியா


அவெய்ரு, 2 ஏப்ரல்

அன்புள்ள அம்மா,

தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கிறீர்கள், என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். "எழுது" என்று ஒரு முறை சொன்னது மட்டும் காதில் விழுந்தது. சரி, எழுதுகிறேன். நான்கைந்து தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா இறப்பதற்கு முந்தின ஞாயிறு நான் வந்திருந்தேன். நீங்கள் திருப்பலிக்குப் போயிருந்தீர்கள். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி உள்ளே வந்தேன். கஞ்சி அடுப்பில் சூடாக இருந்தது. அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான்தான் அவருக்கு ஊட்டினேன். அவருக்குப் புரையேறியது. எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, நீங்கள் திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன். அன்று இரவுதான் காய்ச்சல் ஆரம்பித்தது. நானும் அங்கேதான் இருந்தேன் அம்மா. என் கண்ணுக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. வகுப்பில் நான் எழுந்து வெளியே போனதும் அதனால்தான்.

நீங்கள் செய்ததெல்லாம் பாசத்தால் செய்தது. அது அப்பாவுக்குத் தெரியும். நோயாளிகள் எல்லாவற்றையும் உணர்வார்கள். அவர் உங்களைப் பார்த்தது நன்றியால்தான், வேறெதனாலும் இல்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் இது, டாக்டர்களுக்கே தெரியாது. உங்களை நீங்களே வருத்திக்கொள்ளக் கூடாது.

சாப்பிடுகிறீர்களா? இரவில் தூக்கம் வருகிறதா?

ஈஸ்டருக்கு அர்மிந்தோவோடு வருகிறேன். டப்பாவையும் கொண்டுவருகிறேன்.

உங்கள் அன்பு மகள்
நத்தெர்சியா


லமேகு, 8 ஏப்ரல்

நத்தெர்சியா,

புனித வாரத்தில் கோபப்படக் கூடாது என்று பாதிரியார் சொன்னார். நான் கோபத்தில் எழுதவில்லை. நிதானமாக எழுதுகிறேன். மேசைமேல் உன் கடிதமும் இருக்கிறது.

உன் கடிதத்தை முதலில் படித்தபோது நான் அழுதேன். அதை ஒப்புக்கொள்கிறேன். எந்த இடத்தில் அழுதேன் என்று தெரியுமா? தூக்கம் வருகிறதா என்று நீ கேட்ட இடத்தில்.

அழுது முடித்த பிறகு மறுபடியும் படித்தேன். அப்போது கண்ணாடி போட்ட அந்த அம்மாள் நினைவுக்கு வந்தார். முதலில் பாரத்தில் ஒரு பங்கு. நானும் அங்கேதான் இருந்தேன், என் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை. பிறகு, பாசத்தால் செய்தது. கடைசியில் தூக்கம். நீ சொன்னபடியே, சொன்ன வரிசையிலேயே. அந்தக் குழு உனக்குச் சரியாகத்தான் மதிப்பெண் போட்டிருக்கிறது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய். முதல் தடவை படித்தபோது நான் கண்டுபிடிக்கவே இல்லை.

நீ அந்த ஞாயிறு வரவில்லை. நீ வராததை நான் கவனித்தேனா என்று உனக்குத் தெரியாதாம். ஞாயிறுதோறும் காலையில், திருப்பலிக்குப் போவதற்கு முன்பே, நீலக் கோடு போட்ட கோப்பையை உனக்காக எடுத்து வைப்பேன். யார் கேட்டாலும், மேசைக்கு ஒன்று கூடுதலாக இருக்கட்டும் என்பேன். அந்த ஞாயிறு பேருந்து நேரம் கடந்து, அடுத்த பேருந்து நேரமும் கடந்தது. சாயங்காலம் கோப்பையை உள்ளே எடுத்து வைத்தேன். உன் அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் சாவியும் கிடையாது. நான் யாரிடமும் சாவி கொடுத்ததில்லை.

நீ அந்தக் கரண்டியை எடுத்தது ஒரே ஒரு முறை. அது அவர் வாயருகே போவதற்குள் நான் வாங்கிக்கொண்டேன். உன் கையால் அவர் ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லை. நான் விடவில்லை. அவர் உண்டதெல்லாம் என் கையால்தான். ஒரு சொட்டும் வெளியே சிந்தவில்லை. சிந்தாதது எல்லாம் எங்கே போனது என்பதை அந்த அறையில் நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நான் உன்னைக் கடிந்துகொள்ளவில்லை. இரக்கத்தில் எழுதினாய். முன்பின் தெரியாதவர்களிடம் இரவு வேளையில் அப்படிப் பேசி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறாய். அது நல்ல காரியம். மடத்தில் எங்களுக்கு யாரும் அதைச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தால், கரண்டியை உன் கையிலிருந்து வாங்கிய அன்று நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். பள்ளி என்றால் பள்ளி என்று எழுதினேன். அந்த வரியை அடித்துவிடு.

ஆனால் நான் உன் இல்லத்து வாசலில் வந்து நிற்கும் குடும்பத்தாரில் ஒருத்தி அல்ல. என்னை அப்படித் தேற்றி அனுப்பிவைக்காதே. உன்னை அப்பாவிடமிருந்து தள்ளிவைத்தவள் நான். அவர் சாவில் நீ பொய்யாக ஒரு பங்கு வாங்கிக்கொண்டு அதோடு வாழ்வதை நான் ஏற்க மாட்டேன். அவரிடமிருந்து உனக்கு அது ஒன்றுதான் கிடைத்தது என்று ஆகிவிடும்.

வகுப்பில் ஒரு வாக்கியத்தைக் கேட்டு நீ எழுந்து வெளியே போனாய். அதே வாக்கியத்தைக் கேட்டு நானும் எழுந்து வெளியே போனேன். நான் நடந்தது பேருந்து நிலையத்துக்கு. நீ வாசலில் நின்றிருக்கிறாய், யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பினாய், "உடம்பைப் பாத்துக்குங்க" என்று எழுதினாய். அப்போதெல்லாம் உனக்குத் தெரிந்திருந்தது. நீ தனியாக அதை வைத்திருந்தாய். இப்போது நானும் தனியாக வைத்திருக்கிறேன். ஒரே வீட்டைச் சேர்ந்த இரண்டு பேர் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சுமப்பது அர்த்தமில்லாத வேலை.

சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிகிறது. சுல்மீரா பார்த்துவிட்டு, "என்னடி, சுண்ணாம்பு அடிக்கப் போறியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

இந்த ஈஸ்டருக்கு வர வேண்டாம். முதலில் எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. குரலைக் கேட்டால் நீ என்ன சொன்னாலும் நான் நம்பிவிடுவேன். உன் அப்பா இறந்ததைப் பற்றி நான் முன்பு கேட்ட கேள்விதான், புதிதாக ஒன்றுமில்லை. ஆறுதல் எதுவும் சேர்க்காமல், ஆம் என்றோ இல்லை என்றோ உன் கையெழுத்தில் வேண்டும். அதைப் படித்த பிறகு நீ வரும் பேருந்து எது என்று கேட்டு எழுதுவேன். கோப்பை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

தயவுசெய்து பதில் எழுது.

அம்மா